எந்தக் கோயிலு?: தெருவில் நிற்கும் மதமும் வெளியூர்ப் பார்வையும்

1

வட மாவட்டத்திலிருந்து ஒரு நண்பர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எழுதுகிறவர், இயக்க வேலையும் செய்கிறவர். சித்திரை மாதம். ஊரின் ஒரு முனையில் முத்தாரம்மன் கொடைக்கு மைக்செட் கட்டி வில்லுப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மறுமுனையில் அந்தோணியார் குருசடியில் நவநாள் ஜெபம். இரண்டு குழாய்களுக்கும் நடுவில் எங்கள் வீடு. ராத்திரி முழுக்க நண்பர் தூங்கவில்லை. விடிந்ததும், "உங்க ஊர் சாமிங்களுக்கெல்லாம் காது மந்தமா தோழர்?" என்றார்.

டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாருக்கு எந்தக் கோயிலு?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் கோயில் என்றால் சர்ச்சும்தான். நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் கோயிலுக்கே போறதில்ல" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே டீயை ஆற்றிக் கொடுத்தார்.

பிறகு நண்பர் ஒரு கட்டுரை எழுதினார். குமரி மாவட்டத்தில் மனிதரை மனிதராகப் பார்ப்பதற்கு முன் மதம் கேட்கிறார்கள், எழுத்தறிவு கூடியும் பகுத்தறிவு வரவில்லை, இது மதம் முற்றிப்போன மண் என்பதாக அவர் வாதம் போனது. அதே மாதத்தில் நாகர்கோவிலில் ஒரு பள்ளி விழாவில், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எங்கள் மாவட்டத்தை மத நல்லிணக்கத்தின் தொட்டில் என்று புகழ்ந்து பேசியதையும் கேட்டேன். ஒரு தெருவில் கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து இருக்கிறதாம், அதுவே சாட்சியாம்.

ஒருவர் திட்டுகிறார், மற்றவர் புகழ்கிறார். ஆனால் இருவருடைய வாசிப்பு முறையும் ஒன்றுதான். தெருவில் தெரியும் மதக் குறியை உள்ளே இருக்கும் விசுவாசத்தின் அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். குழாய் சத்தமாக இருந்தால் பக்தி சத்தமாக இருக்கிறது. கோபுரங்கள் பக்கத்தில் இருந்தால் மனங்களும் பக்கத்தில் இருக்கின்றன. இந்த வாசிப்பு தவறு என்பதும், அந்தத் தவறினால் நம் கண்ணிலிருந்து தப்பிப்போவது எது என்பதும்தான் இந்தக் கட்டுரை பேச விரும்புவது.

2

முதலில் என் அனுபவம் ஒன்று. திருமணமான புதிதில் நாகர்கோவிலில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தேன். ஒரு வீட்டுக்காரர், வயதானவர், திண்ணையில் உட்காரவைத்து அன்பாகத்தான் விசாரித்தார்.

"எந்தக் கோயிலு மக்கா?"

"எனக்குக் கோயில் ஒண்ணும் இல்ல பாட்டா."

அவர் கொஞ்சமும் அதிர்ச்சியடையவில்லை. "கோயிலுக்குப் போகாம இருக்கலாம் மக்கா, அது ஒனக்க இஷ்டம். எந்தக் கோயிலுக்குப் போகாம இருக்கேன்னு தெரியணும் இல்லியா?"

வீடு கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். கடவுளை நான் நம்புகிறேனா இல்லையா என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை. நான் எந்த இடத்திலிருந்து வருகிறேன், யார் வீட்டில் பெண் எடுத்திருக்கிறேன், செத்தால் எந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு அல்லது எந்தச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போவார்கள் என்பதைத்தான் அவர் கேட்டார். எங்கள் மாவட்டத்தில் 'எந்தக் கோயில்' என்பது நேரடியாகக் கேட்கக் கூச்சப்படும் ஒரு கேள்விக்குப் போட்ட சட்டை. உள்ளே இருக்கும் கேள்வி, 'என்ன சாதி?'

இது வீட்டுக்காரரின் தனிப்பட்ட குணமல்ல. இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

3

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. 1750-ல் மார்த்தாண்டவர்மா தன் நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிவைத்துவிட்டு, பத்மநாபதாசனாக ஆண்டார். அப்படியானால் அரசாணை சாமியின் ஆணை. வரி சாமிக்கு வரி. அந்த நாட்டில் மதம் ஒருவருடைய அந்தரங்க நம்பிக்கையாக ஒருபோதும் இருந்ததில்லை. யார் எந்தத் தெருவில் நடக்கலாம், எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும், எந்தத் துணியை உடம்பில் எங்கே வரை போடலாம் என்பதெல்லாம் சட்டமாகவே இருந்தன. உடம்பின் மேலேயே எழுதப்பட்ட மதம் அது.

இப்படிப்பட்ட இடத்தில் ஒடுக்கப்பட்டவர்களின் எதிர்ப்பும் மதத்தின் மொழியில்தான் வெளியே வர முடிந்தது. வேறு மொழி அவர்களுக்குத் தரப்படவில்லை. 1806-ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். லண்டன் மிஷன் சபையோடு பள்ளிக்கூடம் வந்தது. 1838-ல் நெய்யூரில் மருத்துவப்பணி தொடங்கியது. மிஷன் பெண்கள் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னல் பல குடும்பங்களுக்குக் கையில் காசு தந்தது. கோயிலில் சேர்வது என்றால் ஒரு புதிய கடவுளை ஏற்பது மட்டுமல்ல. எழுதப் படிக்கத் தெரிந்த, மனு எழுதத் தெரிந்த, தனக்காகத் திவானிடம் பேச ஆள் இருக்கிற ஒரு கூட்டத்தில் சேர்வது. தோள்சீலைப் போராட்டம் இந்தப் பின்னணியில்தான் நடந்தது. 1859-ல் அரசு பணிந்து ஆணை போட்டது. அந்த ஆணையிலும் ஒரு விஷமம் இருந்தது: நாடார் பெண்கள் முரட்டுத் துணியால் மாரை மூடலாம், முக்குவப் பெண்கள் கட்டுவதுபோலக் கட்டலாம், மேல்சாதிப் பெண்கள் போடுவதுபோல மட்டும் போடக்கூடாது. உரிமை கொடுக்கும்போதும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில் அரசு கவனமாக இருந்தது.

கிறித்தவத்துக்குப் போகாதவர்களும் இதே வேலையைச் செய்தார்கள். சாமித்தோப்பில் வைகுண்டர் (1809-1851) தன் மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து வழிபடச் சொன்னார். தலையில் துணி கட்ட உரிமையில்லாதவர்கள் கட்டிய தலைப்பாகை அது. கருவறையில் விக்கிரகத்துக்குப் பதில் கண்ணாடி. அரசர் அவரைச் சிறையில் வைத்தார் என்பதிலிருந்தே இது வெறும் பக்தி விவகாரம் இல்லை என்று அரசருக்குப் புரிந்திருந்தது தெரிகிறது. நமக்குத்தான் புரிய நேரமாகிறது. 1926-ல் சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகச் சத்தியாகிரகம் நடந்தது. 1936-ல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. இத்தனையும் தெருவில் நடந்தவை. தெருவில் நிற்கும் மதம் எங்களுக்குப் பக்தியின் மிகுதியால் வந்ததல்ல. தெருவே தகராறாக இருந்ததால் வந்தது.

ஆகவே இன்று ஒரு சந்திப்பில் குருசடியும் எதிரே அம்மன் கோயிலும் இருந்தால், 'இவ்வளவு பக்தியா?' என்று கேட்பதைவிட, 'இந்த இடம் யாருக்கு, எப்போது, எப்படிக் கிடைத்தது?' என்று கேட்பது பொருத்தமாக இருக்கும்.

4

வெளியூர்ப் பார்வை என்பது நமக்கு மட்டும் நேர்ந்த தொல்லை அல்ல. அமெரிக்காவைப் பற்றி நம்மிடமும் ஐரோப்பியரிடமும் இருக்கும் பிம்பத்தை யோசித்துப் பார்க்கலாம். சந்திரனில் கால் வைத்த நாடு, டாலரில் கடவுளை அச்சடிக்கிற நாடு, ஜனாதிபதி பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்கிற நாடு; ஆகவே ஒன்று வெகுளிகள், அல்லது மதவெறியர்கள். இடதுசாரி மேடைகளில் நானே இப்படிப் பேசியிருக்கிறேன்.

1904-ல் மாக்ஸ் வேபர் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தார். அங்கே அவர் கேட்ட ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். ஜெர்மனியிலிருந்து போய்க் குடியேறிய ஒரு மூக்கு-தொண்டை டாக்டரிடம் முதல் நோயாளி வருகிறார். படுத்ததும், 'நான் இன்ன தெரு பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவன்' என்கிறார். மூக்கு வலிக்கும் சபைக்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டருக்குப் புரியவில்லை. அமெரிக்க டாக்டர் ஒருவர் விளக்கினாராம்: 'உங்கள் பீஸைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று அவர் சொல்கிறார்.' சபை ஒருவரை விசாரித்து, நடத்தை பார்த்துத்தான் சேர்த்துக்கொள்ளும். ஆகவே சபை உறுப்பினர் என்பது கடன் கொடுக்கலாம் என்பதற்கான அத்தாட்சி. ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டே இருக்கும் அந்நியர்களின் நாட்டில் 'எந்தச் சபை?' என்ற கேள்வி வியாபாரக் கேள்வியாகவும் இருந்தது. எங்கள் டீக்கடைக்காரரை வேபர் பார்த்திருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார் என்று தோன்றுகிறது.

இன்னொன்று. அமெரிக்காவின் அரசியல் சட்டத்தில் 1791-ல் சேர்ந்த முதல் திருத்தம், அரசு எந்த மதத்தையும் அரசுமதமாக நிறுவக்கூடாது என்கிறது. அரசின் ஆதரவு இல்லாதபோது சபைகள் ஆள் சேர்க்கத் தெருவுக்குத்தான் வந்தாக வேண்டும். மதம் தெருவில் சத்தமாக இருப்பதற்கு அரசு மதமின்மையும் ஒரு காரணம் என்பது வேடிக்கையான உண்மை. நாணயங்களில் முன்பே இருந்த 'கடவுளை நம்புகிறோம்' என்ற வாசகம் தேசிய முழக்கமாகச் சட்டமானது 1956-ல்தான். கம்யூனிஸ்ட் நாடுகள் கடவுளற்றவை, நாங்கள் அப்படியல்ல என்று காட்டுவதற்கான பனிப்போர்க் காலத்து ஏற்பாடு. அங்கும் குறிக்குப் பின்னால் இருந்தது தகராறுதான்.

விசுவாசத்துக்கும் குறிக்கும் உள்ள தூரத்தை அளக்க முயன்ற ஆய்வும் உண்டு. 1993-ல் வெளியான ஓர் அமெரிக்க சமூகவியல் ஆய்வில், ஞாயிறு வழிபாட்டுக்குப் போனதாகக் கருத்துக் கணிப்பில் சொன்னவர்களின் விகிதத்தையும் உண்மையில் வந்தவர்களை எண்ணிய கணக்கையும் ஒப்பிட்டார்கள். வந்தவர்கள் சொன்னதில் ஏறக்குறைய பாதிதான். இதைப் பொய் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. 'போன வாரம் போனீர்களா?' என்ற கேள்விக்கு அவர்கள், 'நான் போகிற வகை ஆள்' என்று பதில் சொல்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அமெரிக்காவில் கறுப்பர்களின் சர்ச் இருக்கிறது. வெள்ளையர் சர்ச்சில் சம இடம் மறுக்கப்பட்டவர்கள் தனிச் சபை கண்டார்கள். ரிச்சர்ட் ஆலனின் தலைமையில் 1816-ல் ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் சபை உருவானது. 1955-56-ல் மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு சர்ச்சுகளில் கூடித்தான் நடத்தப்பட்டது. 1963-ல் பர்மிங்ஹாமில் வெள்ளை நிறவெறியர்கள் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றதும் ஒரு சர்ச்சில்தான். அடிமையை வைத்திருந்தவனும் அடிமையும் ஒரே பைபிளைத்தான் படித்தார்கள். 'அமெரிக்கர்கள் மதப்பற்று மிகுந்தவர்கள்' என்ற வாக்கியம் இவர்கள் இருவரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. நிறம் அந்த மூட்டைக்குள் காணாமல் போகிறது. எங்கள் ஊரில் சாதி காணாமல் போவதைப் போலவே.

5

தொலைவிலிருக்கும் அமெரிக்காவை வலிந்து இழுக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை நாகர்கோவிலுக்கே வந்தது. இங்கே அதன் பணி சாம்பவர்களிடையே தொடங்கியது. ஏற்கெனவே ஒரு பெரிய சபை இருக்கும் ஊரில் ஒடுக்கப்பட்ட ஒரு சாதி இன்னொரு சபையை நாடியது ஏன் என்ற கேள்விக்கு விடை இறையியலில் மட்டும் கிடைக்காது.

1,672 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள இந்த மாவட்டத்தில் கத்தோலிக்கர்களுக்கு மட்டுமே கோட்டாறு, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என்று நான்கு மறைமாவட்டங்கள். இவை தவிர சி.எஸ்.ஐ., லுத்தரன், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகள். வெளியூர்க்காரர் இவர்கள் எல்லோரையும் 'கிறித்தவர்கள்' என்கிறார். 1544-ல் சவேரியாரிடம் ஞானஸ்நானம் பெற்ற கடற்கரை முக்குவருக்கும் உள்நாட்டுச் சி.எஸ்.ஐ. நாடாருக்கும் இடையில் பெண் கொடுத்து எடுப்பது சாதாரணமாக நடக்கிறதா என்று அவர் கேட்பதில்லை. மறுபுறம், அண்ணன் சி.எஸ்.ஐ., தம்பி இந்து என்றிருக்கும் நாடார் குடும்பங்கள் இங்கே நிறைய. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் பலகாரம் கைமாறும். ஓய்வுபெற்ற அதிகாரி இதைத்தான் மத நல்லிணக்கம் என்றார். நான் இதைச் சொந்தம் என்பேன். ஒரே சாதிக்குள் மதம் தாண்டிப் பலகாரம் போகிறது; ஒரே மதத்துக்குள் சாதி தாண்டிப் போகமாட்டேன் என்கிறது.

1982 மண்டைக்காடு இதன் கொடிய பக்கம். பகவதியம்மன் கோயில் மாசிக்கொடை நேரத்தில் கடலில் குளிக்கும் இடத்தில் எழுந்த தகராறு மார்ச் 1 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்ததில் போய் நின்றது. பிறகு கடற்கரை ஊர்களெங்கும் வீடுகளும் வள்ளங்களும் எரிந்தன. நீதிபதி வேணுகோபால் கமிஷன் விசாரித்தது. பொன்னீலனின் 'மறுபக்கம்' நாவல் (2010) இந்தக் கலவரத்தின் வேர்களை நெடுங்காலத்துக்குப் பின்னே போய்த் தோண்டுகிறது. வெளியே அது 'இந்து-கிறித்தவக் கலவரம்'. அந்தப் பெயர் பொய்யில்லை, ஆனால் போதாது. அடிபட்ட கடற்கரைக்காரர்களை உள்நாட்டார் எந்தப் பெயர் சொல்லித் திட்டினார்கள், அது மதத்தின் பெயரா சாதியின் பெயரா என்று ஊர் ஊராகக் கேட்டுப் பார்த்தால் தெரியும். மீன் விற்கக் கூடையோடு வரும் பெண்ணிடம் காட்டும் அருவருப்பு 1982-ல் பிறந்ததல்ல.

நண்பர் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. 1982க்குப் பிறகு குறிகளின் வேலை மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் 'எங்களுக்கும் இடம் கொடு' என்று கேட்ட குறிகள் இன்று 'இது எங்கள் இடம்' என்று எல்லை போடுகின்றன. கொடிமரம், வளைவு, தோரணம், குழாய் எல்லாம் வேலிக்கல் மாதிரி ஆகிவிட்டன. 2011 கணக்கெடுப்பில் இங்கே இந்துக்கள் 48.65 சதவீதம், கிறித்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20. அய்யாவழியினரும் இந்துக் கணக்கில்தான். இந்த எண்களை வைத்துக்கொண்டு 'அவன் பெருகுகிறான்' என்று இரண்டு பக்கமும் பயமுறுத்த முடிகிறது. வெளியூர்க்காரர் நம்மைப் பற்றிச் சொன்ன வாக்கியத்தை இன்று உள்ளூர்க்காரரே தன் வாக்கியமாகச் சொல்கிறார். ஒரு பிம்பத்தின் ஆபத்து அது தவறாக இருப்பதில் மட்டும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அதை நாம் உண்மையாக்கிவிடுகிறோம்.

தேவசகாயத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 1752-ல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2012-ல் அவர் அருளாளராக அறிவிக்கப்பட்டபோது பெயரோடு 'பிள்ளை' இருந்தது. 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது 'பிள்ளை' இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த ஒட்டு வேண்டுமா வேண்டாமா என்று வாதம் நடந்தது. மதம் மாறி, உயிரைக் கொடுத்து, 270 வருஷம் கழிந்தும் ஒருவரிடமிருந்து சாதிப்பெயரை எடுக்க மனுப்போட வேண்டியிருக்கிறது. வெளியே போன செய்திப் படங்களில் ரோமாபுரிக் கூட்டமும் எங்கள் ஊர் வாணவேடிக்கையும் தெரிந்தன. அந்த மூன்றெழுத்துத் தகராறு தெரியவில்லை.

6

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஏதாவது ஒரு சம்பவம் நடந்தால் உண்மை அறியும் குழுக்கள் இங்கே வருகின்றன. நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். இரண்டு நாள் இருந்து, இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் பார்த்துவிட்டு, 'மதவெறி சக்திகள்' என்றோ 'நூற்றாண்டு கால நல்லிணக்கம்' என்றோ அறிக்கை எழுதிப் போகிறார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பெரும்பாலும் ஆண்கள், சொத்துள்ளவர்கள், தங்கள் சபையிலோ ஊர்க்கமிட்டியிலோ பதவியில் இருப்பவர்கள். மதம் என்ற ஒரே கோட்டில் பிரித்துப் பார்த்தால் பேசக் கிடைப்பவர்கள் அவர்கள்தான். அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களின் குரல் அறிக்கைக்குள் வருவதே இல்லை.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் போதும். கமிட்டியில் யார் யார் இருக்கிறார்கள்? கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு இடம் உண்டு? சபையில் கல்யாண ஓலை வாசிக்கும்போது எந்தெந்த வீட்டுப் பெயர்கள் சேர்ந்து வருகின்றன? பள்ளிக்கூட வேலை யாருக்குக் கிடைக்கிறது? கொடைக்கு வரி வாங்குகிற வீடுகளும் வாங்காத வீடுகளும் எவை? இவை தெய்வ நிந்தனை இல்லை. விசுவாசிகளும் பதில் சொல்லக்கூடிய கேள்விகள்தான். எழுதுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். கதையில் குழாய்ச் சத்தம் வரட்டும். அந்தக் குழாய்க்குப் பணம் கொடுத்தது யார் என்பதும் கூடவே வரட்டும்.

நண்பர் போன மாதம் மறுபடியும் வந்திருந்தார். அதே டீக்கடை. கடைக்காரருக்கு அவரை ஞாபகமில்லை. "சாருக்கு எந்தக் கோயிலு?" என்றார்.

நண்பர் இந்த முறை கோபப்படவில்லை. "ஏன் அண்ணாச்சி கேக்குறீங்க?" என்றார்.

கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "சும்ம கேட்டதுதான் சார்" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவராகவே சொன்னார்: "எங்க அண்ணன் சபை மாறிப் போனாரு. செத்தப்போ பழைய கல்லறையில எடம் தரமாட்டோம்னுட்டாவ. புதுச் சபைக்கு கல்லறையே கெடையாது. பொணத்த வச்சுக்கிட்டு ஒரு பகலு முழுக்க நின்னோம், பாத்துக்கிடுங்க. கடைசில சொந்தக்காரன் ஒருத்தன் தோப்புல குழி வெட்டினோம். அதுல இருந்து யாரப் பாத்தாலும் கேட்டுப்போடுகது."

நண்பர் நோட்டுப் புத்தகத்தை எடுக்கவில்லை. "அந்தத் தோப்புக்காரரு எந்தக் கோயிலு?" என்று மட்டும் கேட்டார். கடைக்காரர் சிரித்துவிட்டு, பெஞ்சில் இருந்த துணியை நகர்த்தி எங்களுக்கு உட்கார இடம் போட்டார்.